துண்டும் குடும்பமும்: ஊவாத் தோட்டப் பெண்ணும் அகதிச் சட்டமும்

1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை துன்புறுத்தலின் காரணங்களை ஐந்தாக வகுத்தது: இனம், சமயம், தேசியம், குறிப்பிட்டதொரு சமூகக் குழுவின் அங்கத்துவம், அரசியற் கருத்து. பால் அவ்வரிசையில் இல்லை. சாதி மாறி மணந்தமைக்காகத் தந்தையும் தமையன்மாரும் கொல்லத் தேடும் பெண்ணின் அச்சம், 'குடும்ப விவகாரம்' என நெடுங்காலம் ஒதுக்கப்பட்டது. குடும்பம் அரசுக்கும் பொருளாதாரத்துக்கும் புறம்பானதென்னும் இக்கொள்கையை நாம் ஏற்பதற்கில்லை. தெமோதரை முதலிய ஊவாத் தோட்டங்களின் வரலாறு அதனை மறுக்கின்றது.

தோட்டத்திற் குடும்பமே உழைப்பைத் திரட்டும் கருவி. கங்காணி தன் உறவினரையும் சாதியினரையும் கொண்டே ஆள் கட்டினான். லயங்களும் பெரும்பாலும் சாதிவாரியாகவே ஒதுக்கப்பட்டன. கடன் விபரம் குறித்த 'துண்டு' இன்றி ஒருவர் வேறு தோட்டத்திற் சேர்வது அரிது. 1921இல் அம்முறை ஒழிக்கப்படும்வரை, லயத்தைவிட்டு ஓடும் பெண் உறவினரின் மானத்தை மட்டுமன்றிக் கங்காணியின் ஆட்கணக்கையும் குலைத்தாள். மானத்தின் பின்னே ஒரு பேரேடு இருந்தது.

சட்டமும் பெண்ணை ஆணின் வழியாகவே கண்டது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் வம்சாவழியைத் தந்தை, தந்தைவழிப் பாட்டன், பூட்டன் என்றே எண்ணியது. மணமான தாய்க்குச் சம உரிமை 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தினாலேயே கிட்டியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கெனக் கணக்கிட்டது. அவ்வாறு தமிழகம் சென்றோரை அங்கும் சாதியே எதிர்கொண்டது. 2003இல் விருத்தாசலப் பகுதியிற் சாதி மறுத்து மணந்த இணையர் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டனர். 2021இல் தண்டிக்கப்பட்டோருள் பொலிஸாரும் அடங்குவர் என்பது கவனிக்கத்தக்கது.

அரசு காக்க மறுப்பதே குடும்பக் கொடுமையைத் துன்புறுத்தலாக்குகின்றது. 1999இற் பிரித்தானியப் பிரபுக்கள் சபை, கற்பொழுக்கம் தவறியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட பாகிஸ்தானியப் பெண்கள் இருவரின் வழக்கில் இதனை ஏற்றது. ஒரு நாட்டின் பெண்கள் முழுமையாகவே 'சமூகக் குழு' ஆகலாமென ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2024 ஜனவரியில் தீர்த்தது. குடும்பத்தார் கொல்வரென அஞ்சிய குர்தியப் பெண்ணின் வழக்கு அது.

இவையெல்லாம் மேலை நாட்டை எட்டியவருக்கே. இலங்கையோ இந்தியாவோ அவ்வுடன்படிக்கையில் இன்னும் சேரவில்லை. விமானச் சீட்டுக்குப் பணம் திரட்டித் தரக்கூடிய ஒரே குடும்பம் தன்னைத் துரத்தும் குடும்பமேயாயின், நாட்கூலிக்குக் கொழுந்து பறிப்பவள் எங்ஙனம் எட்டுவாள்? தெமோதரைப் புகையிரத நிலையத்திலிருந்து அவளுக்குத் திறந்திருக்கும் பாதை, கொழும்பில் யாரோ ஒருவரின் சமையலறைவரை செல்கின்றது.