சாம்பல் கிண்ணத்தில் சீனம்

மேசைமேல் கிடக்கும் சாம்பல் கிண்ணத்துக்கும் ஒரு வரலாறு உண்டோ என்று நேயர்கள் ஐயுறலாம். உண்டு, அதுவும் மூன்று கண்டங்களைத் தொட்டுச் செல்லும் வரலாறு. ஆஷ்ட்ரே என்று ஆங்கிலப் பெயராலேயே நாம் வழங்கி வரும் அப்பொருள் பித்தளையிலும் கண்ணாடியிலும் மரத்திலும் செய்யப்பெற்றதுண்டு. ஆயினும், பீங்கானில் செய்து, அதன்மேல் சீனத்து மண்டபம், வளைந்த பாலம், நீரோரத்து மரம், பறக்கும் புள்ளினம் ஆகியவற்றைத் தீட்டிய கிண்ணங்களுக்கு ஒரு தனி மதிப்பு ஏற்பட்டிருக்கிறது. பழம்பொருள் சேர்ப்போர் அவற்றைத் தேடி வாங்குகின்றனர். மும்பையின் சோர் பஜார் போன்ற கடைவீதிகளில் அத்தகைய கிண்ணம் ஒன்றைக் கையில் எடுத்தால், 'பழைய சீனத்துச் சாமான்' என்று விற்பவர் கூறுவார். அச்சொல் எவ்வளவு தூரம் உண்மை என்பதையே இங்கு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் ஒரு செய்தியை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். புகையிலை சீனத்துப் பயிர் அன்று. அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிய அது, 16ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியே சீனத்துக்குச் சென்றது. காகிதச் சுருளில் புகைக்கும் சிகரெட்டோ, 1853 முதல் 1856 வரை நடந்த கிரிமியப் போருக்குப் பின்னரே ஆங்கிலேயரிடையே பரவலாயிற்று. 1881ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பான்ஸாக் என்னும் அமெரிக்கர் சிகரெட்டுச் சுற்றும் இயந்திரத்துக்கு உரிமை பெற்றார். கையால் சுற்றுவோர் பலர் சேர்ந்தும் செய்ய முடியாத தொகையை, நாளொன்றுக்கு 1,20,000 வரை, அவ்வியந்திரம் சுற்றித் தள்ளியது. சிகரெட்டு மலிந்தது, சாம்பலும் மலிந்தது, அதைத் தட்டுவதற்கென்றே ஒரு கிண்ணம் வீடுதோறும் தேவையாயிற்று. ஆகவே, விளிம்பில் சிகரெட்டு வைப்பதற்குப் பள்ளம் வெட்டிய கிண்ணம் ஒன்றை மிங் அரசர் காலத்தது என்று எவரேனும் விலை கூறுவாராயின், அவரோடு மேலும் பேரம் பேசவேண்டியதில்லை.

இனி, பீங்கானின் கதைக்கு வருவோம். சீனத்தின் தென்பகுதியில் ஜிங்டஜன் என்றோர் ஊர் உண்டு. அதன் அருகேயுள்ள காவோலிங் என்னும் குன்றில் எடுத்த வெண்களிமண்ணுக்கு அக்குன்றின் பெயரே நிலைத்து, இன்றும் அது கயோலின் எனப்படுகிறது. அம்மண்ணோடு ஒருவகைக் கற்பொடியைக் கலந்து, ஏறத்தாழ 1,300 டிகிரி வெப்பத்தில் சுட்டெடுத்தால், தட்டினால் மணிபோல் ஒலிப்பதும் ஒளியை ஊடே விடுவதுமான பீங்கான் கிடைக்கிறது. அதன்மேல் தீட்டும் நீலத்துக்குரிய கோபால்ட்டைச் சீனர் 14ஆம் நூற்றாண்டில் பாரசீகத்திலிருந்து தருவித்தனர். நாம் 'சீன நீலம்' என்று வியக்கும் நிறமே மேற்கிலிருந்து வந்தது என்பது நினைவிற்குரியது.

அச்சரக்கு நம் நாட்டுக்கும் வந்தது. டில்லியில் பிரோஸ் ஷா துக்ளக்கின் கோட்டைப் பகுதியில் 14ஆம் நூற்றாண்டு நீலவெள்ளைப் பீங்கான்கள் உடைந்த நிலையில் கண்டெடுக்கப்பெற்றன. இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரையில் பெரியபட்டினம் என்னும் ஊரிலும் 13, 14ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சீன ஓடுகள் அகழ்வில் கிடைத்திருக்கின்றன. அரசரும் வணிகரும் அவற்றை உண்கலமாகவே கொண்டனர். வியப்புப் பொருளாக அல்ல.

ஐரோப்பாவில் நிலைமை வேறு. 1603ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு அருகே ஸாண்டா கதரீனா என்னும் போர்த்துகேசியக் கப்பலை டச்சுக்காரர் கைப்பற்றினர். அதிலிருந்த பீங்கான்கள் மறுவருடம் ஆம்ஸ்டர்டாமில் ஏலத்துக்கு வந்தபோது, வாங்கியவருள் மன்னர்களும் இருந்தனர் என்பர். அந்நாள் தொட்டு மேனாட்டினர்க்குப் பீங்கான்மேல் ஒரு பித்தே பிடித்தது. ஸாக்ஸனி நாட்டு அரசர் அகஸ்டஸ், 1717ஆம் ஆண்டில் தம் குதிரைப் படைவீரர் 600 பேரைப் பிரஷ்ய மன்னருக்குக் கொடுத்து, 151 சீனப் பீங்கான்களைப் பெற்றுக்கொண்டார். ஒரு கலத்துக்கு ஏறக்குறைய நான்கு மனிதர் என்று கணக்காகிறது. அவ்வீரர்களின் கருத்தை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை!

இதே அகஸ்டஸ் அரசர்தாம், பொன் செய்யத் தெரியும் என்று சொல்லிக்கொண்ட பாட்கர் என்னும் இளைஞரைச் சிறைப்படுத்தி வைத்திருந்தார். பொன் வரவில்லை. ஆனால் ஷிர்ன்ஹவுஸ் என்னும் அறிஞரின் துணையோடு அவ்விளைஞர் 1708ஆம் ஆண்டில் பீங்கானின் மருமத்தைக் கண்டுபிடித்தார். 1710இல் மைசன் நகரில் தொழிற்சாலை எழுந்தது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்துப் பாட்கர் 37ஆம் வயதில் மாண்டார். ஜிங்டஜனில் வாழ்ந்த டாந்த்ரகோல் என்னும் பிரெஞ்சுப் பாதிரியாரும், 1712, 1722 ஆகிய ஆண்டுகளில் எழுதிய நீண்ட மடல்களில் அவ்வூர்த் தொழில்முறையை விரிவாக வெளியிட்டார். ஒரு கலம் முற்றுப்பெறுமுன் 70 பேர் கைகளைக் கடந்து செல்கிறது என்றும், விளிம்புக் கோடு இடுபவன் அதை மட்டுமே இடுவான் என்றும் அவர் குறித்துள்ளார். அவ்வெழுபதின்மருள் ஒருவர் பெயரும் நமக்கு எட்டவில்லை.

மண்ணின் மருமம் மேற்கே சென்றது. ஓவியத்தின் பொருள் மட்டும் கூடவே செல்லவில்லை. நம் கிண்ணங்களின் வரலாற்றில் மிகச் சுவையான பகுதி இதுவே. மைசனில் 1740ஆம் ஆண்டை ஒட்டிச் சீனத் தட்டு ஒன்றைப் பார்த்து வரைந்த நீலச் சித்திரம் ஒன்று பெரும்புகழ் அடைந்தது. மூலத்தில் இருந்தவை மாதுளையும் பீச்சுப் பழமும். சீனர்க்கு மாதுளை என்றால் மக்கட்பேறு, பீச்சு என்றால் நீண்ட ஆயுள். தட்டில் அவற்றைத் தீட்டுவது, உண்பவரை வாழ்த்துவதற்கு ஒப்பாகும். அக்கனிகளைக் கண்டறியாத மக்கள் அவற்றை வெங்காயம் என்று எண்ணினர். இன்றுவரை அச்சித்திரத்துக்கு 'வெங்காயச் சித்திரம்' என்றே பெயர். அதைத் தாங்கிய சாம்பல் கிண்ணங்கள் பின்னாளில் ஏராளமாக வந்தன. பிள்ளைப்பேறும் நீண்ட ஆயுளும் வெங்காயமாகி, அதன்மேல் சுருட்டுச் சாம்பலும் விழுந்தது.

நம் நாட்டின் பெயரும் இக்குழப்பத்தில் அடிபட்டது. மைசன் ஓவியர்கள் 1720ஆம் ஆண்டுகளில் சீன, ஜப்பானியப் பூக்களைப் பார்த்து வரைந்த வகைக்கு 'இந்தியப் பூக்கள்' என்று பெயரிட்டனர். அப்பூக்களுள் ஒன்றேனும் நம் நாட்டுப் பூ அன்று. கிழக்கிந்தியக் கம்பெனிகளின் கப்பலில் வந்தவை எல்லாம் அவர்களுக்கு இந்தியப் பண்டமே. சீனத்தில் செய்த அரக்குப் பலகைத் திரைகளும் இப்படியே 'கோரமாண்டல்' என்று பெயர் பெற்றன. நம் சோழமண்டலக் கரைத் துறைமுகங்களின் வழியாக ஐரோப்பா சென்றதே அதற்குக் காரணம். ஆகவே இத்தகைய பொருள்களின் பெயர், செய்தவனைக் காட்டுவதில்லை. வந்த வழியைக் காட்டுகிறது. சேர்ப்போர் இதை மறந்தால், ஹங்கேரி நாட்டு ஹெரண்டில் செய்த கிண்ணத்தை இந்தியக் கைத்தொழில் என்று வாங்கும்படி நேரும்.

சீனப் பாணிக் கிண்ணங்களில் நம் கண்ணில் மிகுதியும் படுவது வில்லோ சித்திரம் எனப்படுவது. நீரோரத்தில் கிளை தாழ்த்தி நிற்கும் வில்லோ மரம், மூன்று உருவங்கள் கடக்கும் பாலம், ஒரு பெரிய மாளிகை, கோணலாக ஓடும் வேலி, படகு, தீவு, வானில் இரு பறவைகள். இதற்கு ஒரு கதையும் சொல்வர். மாண்டரின் என்னும் பேரதிகாரியின் மகள் கூங்சே, தந்தையிடம் எழுத்தராயிருந்த சாங் என்பவனைக் காதலித்தாள். தந்தை அவளைச் சிறைவைத்து வேலி கட்டி, செல்வன் ஒருவனுக்கு மணம் பேசினான். காதலர் ஓடினர், பாலத்தில் தந்தை சவுக்கோடு துரத்தினான், தீவில் அவர்கள் மாண்டு புறாக்கள் ஆயினர். கண்ணீர் வரவழைக்கும் கதைதான். ஆனால் சீனத்தில் இக்கதை இல்லை. சித்திரம் 1790ஆம் ஆண்டை ஒட்டி இங்கிலாந்தின் ஸ்டாபர்ட்ஷயர் மாவட்டத்தில் ஸ்போடு தொழிற்சாலையில் நிலைபெற்றது. கதையோ, அதற்கு ஏறத்தாழ அறுபது ஆண்டு கழித்து, 1849இல் ஓர் ஆங்கிலக் குடும்பப் பத்திரிகையில் விரிவாக வெளியாயிற்று. தட்டைப் பார்த்துக் கதை கட்டினரேயன்றிக் கதையைக் கேட்டுத் தட்டு வரையவில்லை.

அது வரையப்பட்ட முறையையும் அறிதல் நன்று. சித்திரத்தைச் செப்புத் தகட்டில் வெட்டுவர். வெட்டுக்குள் கோபால்ட்டு மையை நிரப்பி, மெல்லிய காகிதத்தில் அச்செடுப்பர். ஈரம் காயுமுன் அக்காகிதத்தைச் சுட்ட கலத்தின்மேல் ஒட்டித் தேய்த்தால், மை கலத்தில் பற்றிக்கொள்ளும். காகிதத்தைக் கழுவிவிட்டு, கண்ணாடி மெருகு பூசி, மீண்டும் சூளையில் வைப்பர். ஒட்டுவதும் தேய்ப்பதும் பெரும்பாலும் பெண்களின் வேலை. காகிதம் கத்தரிக்கச் சிறுமியரும் இருந்தனர். சீனத்தை ஒருநாளும் காணாத அப்பெண்களின் விரலாலேயே உலகத்துக்குச் சீனம் அறிமுகமாயிற்று என்றால் மிகையாகாது. ஜிங்டஜன் தொழிலாளர் எழுபதின்மரைப் போலவே இவர்களும் பெயரற்றுப் போயினர். இதே ஆங்கிலேயர்தாம் எரித்த மாட்டெலும்பின் சாம்பலைப் பாதியளவு மண்ணோடு சேர்த்து எலும்புப் பீங்கான் என்றொரு வகையையும் செய்தனர். அவ்வகைக் கிண்ணத்தில் சாம்பலைத் தாங்குவதும் சாம்பலே.

இருபதாம் நூற்றாண்டில் இச்சித்திரங்கள் எல்லாம் சாம்பல் கிண்ணத்தில் இறங்கின. இங்கிலாந்தில் மேசன் கம்பெனியும், ஜப்பானின் பல தொழிற்சாலைகளும் அவற்றைப் பெருவாரியாகச் செய்தன. மைசனின் சிவப்பு யாளிச் சித்திரம் 1918 வரை ஸாக்ஸனி அரசவைக்கே உரியதாயிருந்தது. அரசு வீழ்ந்தபின் அதுவும் கடைக்கு வந்தது. விருந்தினர்க்கு ஆஷ்ட்ரே நீட்டுவது மரியாதையாயிருந்த காலம் அது. நம் ஏர் இந்தியா நிறுவனமும் 1967இல் ஸ்பெயின் நாட்டு ஓவியர் டாலியைக் கொண்டு, யானையும் அன்னமும் பாம்பும் அமைந்த பீங்கான் சாம்பல் கிண்ணம் ஒன்றை வரைவித்தது. அவர் கேட்ட கூலி ஒரு யானைக் குட்டி. அதுவும் அனுப்பி வைக்கப்பெற்றது. அதில் சீனச் சாயல் இல்லையாதலின் இவ்வளவோடு நிறுத்துகின்றோம்.

வாங்குவோர் முதலில் கிண்ணத்தைக் கவிழ்த்து அடியைப் பார்க்கவேண்டும். அமெரிக்காவில் 1891 முதல் நடைமுறைக்கு வந்த சுங்கச் சட்டத்தால், அங்கே இறக்குமதியாகும் பண்டங்களில் செய்த நாட்டின் பெயரைப் பொறிக்க நேர்ந்தது. 'இங்கிலாந்து' என்ற எழுத்து இருப்பின் அது பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டது. ஜப்பானியப் பொருளில் 'நிப்பான்' என்றிருந்தால் 1921க்கு முன். 'ஜப்பான்' என்றிருந்தால் பின். 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்' என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடர் இருந்தால், போர் முடிந்தபின் 1952 வரையுள்ள சில ஆண்டுகளுக்கு உரியது. தோற்ற நாடொன்றின் நிலையை ஒரு சாம்பல் கிண்ணத்தின் அடியில் படிக்க முடிகிறது. சீன எழுத்து இருப்பதால் மட்டும் மயங்கவேண்டா. முன்னைய அரசர் பெயரைப் பின்னையோர் பொறிப்பது சீனரிடையே வழக்கம். இங்கிலாந்தின் ஊஸ்டர் தொழிற்சாலையோ 18ஆம் நூற்றாண்டிலேயே, பொருளற்ற கோடுகளால் சீன முத்திரை போன்ற சதுரம் ஒன்றை வரைந்து வந்தது.

அடுத்து, விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்க்கலாம். காகிதத்தால் ஒற்றிய சித்திரமாயின், கரைப்பூவின் இரு முனைகளும் சேருமிடத்தில் ஒன்றோடொன்று பொருந்தாமல் ஓரிடமாவது காணும். இதைக் குறை என்று சிலர் ஒதுக்குவர். நாமோ அவ்விடத்தையே முதலில் தேடுவோம். அவசரமாக வேலை செய்த ஒரு பெண்ணின் கை அங்கே தெரிகிறது. விளக்கொளியில் பிடித்தால் ஒளி ஊடே வருமாயின் பெரும்பாலும் பீங்கான். வராவிடின் மெருகிட்ட மண்கலமாயிருத்தல் கூடும். மண்கலத்தின் மெருகு காலத்தால் மயிரிழை போல் வெடிக்கும். புகையிலைக் கறை அவ்வெடிப்பில் இறங்கிவிடும். உயர்ந்த பீங்கானிலோ கறை நீரால் போய்விடும்.

நம் நாட்டில் 2008ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் முதல் பொது இடங்களில் புகைபிடித்தல் தடுக்கப்பட்டது. இங்கிலாந்தில் அதற்கு முந்திய ஆண்டே தடை வந்துவிட்டது. அதே 2008இன் இறுதியில், வில்லோ சித்திரத்தை உலகெங்கும் பரப்பிய ஸ்போடு கம்பெனியும் கடன்சுமையால் நிர்வாகியின் பொறுப்பில் விடப்பட்டது. பின்னர் அப்பெயரை வேறொரு கம்பெனி விலைக்கு வாங்கியது. புகையிலையின் தீங்கை அறிந்த நாம் கிண்ணத்தின் பழைய வேலை போயிற்றே என்று வருந்தவேண்டியதில்லை. ஆனால் வேலையற்ற பொருள் விரைவில் குப்பைக்குப் போகும். ஐதராபாத்து சாலார் ஜங் காட்சிச்சாலை போன்ற இடங்களில் பெரிய ஜாடிகளும் தட்டுகளும் கண்ணாடிப் பெட்டிக்குள் காக்கப்படுகின்றன. உள்ளங்கையளவுள்ள இக்கிண்ணங்களைக் காப்போர் பெரும்பாலும் தனி மனிதரே. அவர்கள் செய்யக்கூடிய சிறு தொண்டு ஒன்றுண்டு. வாங்கிய ஊர், நாள், அடியிலுள்ள எழுத்து, விற்றவர் சொன்ன கதை, தாம் கண்ட உண்மை ஆகிய ஐந்தையும் ஒரு சீட்டில் எழுதிக் கிண்ணத்துக்குள்ளேயே போட்டு வைத்தல் வேண்டும். சீட்டை ஒட்டலாகாது, பசை பட்டால் மெருகின்மேல் தீட்டிய பொன்வரியும் செவ்வண்ணமும் உரிந்துவிடும்.