பங்கா இழுத்த இயந்திரமும் போசின் கலீனாப் படிகமும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவர் ஒருவர் சிறிய கருவி ஒன்றைச் செய்தார். நெல் மூட்டையில் குத்தினால் உள்ளே இருக்கும் நெல்லின் ஈரப்பதத்தைக் காட்டும் ஊசி அது. அத்தகைய ஊசிகள் கடையில் கிடைக்கின்றனவே என்று வாசகர்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் ஊசியின் நுனியில் இரு மின்முனைகளை அவர் அமைத்திருந்த விதம் புதியது. நான் தேடிப் பார்த்த வரையில் வேறு எவரும் அப்படிச் செய்ததில்லை. மகிழ்ச்சி மிகுதியால் அதை ஒரு அறிவியல் கண்காட்சிக்கு நானே அனுப்பி வைத்தேன். பரிசு கிடைத்தது. நாளிதழ் ஒன்றில் படத்துடன், கருவி இயங்கும் விதமும் விளக்கமாக வெளிவந்தது.

ஒன்றரை ஆண்டு கழித்து அம்மாணவர் காப்புரிமை பெற விரும்பி, அத்துறையில் பழகிய முகவர் ஒருவரை அணுகினார். முகவர் கேட்ட முதல் கேள்வி, "இதை வெளியே எங்கேனும் காட்டியிருக்கிறீர்களா?" என்பதுதான். மாணவர் பெருமையோடு நாளிதழ்த் துண்டை எடுத்து நீட்டினார். அத்துடன் பேச்சு முடிந்துவிட்டது.

அவரை அக்கண்காட்சிக்கு அனுப்பியவன் நான் என்பதால், காப்புரிமை என்னும் இந்த ஏற்பாடு எவ்வாறு தோன்றியது, அதைப் பெறும் வழி என்ன என்பதை அன்று முதல் படித்து வருகிறேன்.

ஆங்கிலத்தில் இதனைப் 'பேட்டண்ட்' என்கின்றனர். இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்குத் 'திறந்து கிடப்பது' என்பது பொருள். மடித்து முத்திரையிட்டு மறைக்காமல், யாவரும் படிக்கும்படி திறந்த மடலாக மன்னர் வழங்கிய ஆணைகளுக்கு அப்பெயர் வழங்கிற்று. காப்புரிமை என்றவுடன் இரகசியத்தைப் பூட்டி வைக்கும் பெட்டி என்றே நம்மில் பலர் எண்ணுகின்றோம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். உண்மையில் அது ஓர் ஒப்பந்தம். கண்டுபிடித்தவர் தம் கருவியின் நுட்பம் முழுவதையும் எழுதி நாட்டிற்கு அளித்துவிட வேண்டும். அதற்கு ஈடாக, குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்கு அவருடைய இசைவு இன்றிப் பிறர் அதைச் செய்யவோ விற்கவோ கூடாது என்று அரசு தடுக்கும். கெடு முடிந்தபின் அது எல்லோருக்கும் சொந்தம்.

இத்தாலியிலுள்ள வெனிஸ் நகர அரசு 1474 ஆம் ஆண்டிலேயே இத்தகைய சட்டம் ஒன்றை இயற்றிப் பத்தாண்டுப் பாதுகாப்பு வழங்கியது. இங்கிலாந்தில் 1624 இல் இயற்றப்பட்ட தனியுரிமைச் சட்டம், புதிய கண்டுபிடிப்புகளுக்கு 14 ஆண்டுகள் என்று வரையறுத்தது. ஒருவர் தொழில் பழகும் காலம் அந்நாளில் ஏழாண்டு. அதன் இரு மடங்கே இந்தப் பதினான்கு என்பர். இந்த எண் கடல் கடந்து நம் நாட்டுக்கும் வந்து நெடுங்காலம் நிலைத்திருந்தது.

இந்தியாவின் முதற் சட்டம் 1856 பிப்ரவரி 28 ஆம் நாள், கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக் காலத்தில் வந்தது. சில நாட்களுக்குள்ளேயே, மார்ச்சு 3 ஆம் நாள், கல்கத்தாவில் வாழ்ந்த கட்டடப் பொறியாளர் ஜார்ஜ் ஆல்பிரட் டிபென்னிங் என்பவர் முதல் விண்ணப்பத்தை அளித்தார். எதற்கு என்று எண்ணுகிறீர்கள்? பங்கா இழுக்கும் இயந்திரத்திற்கு! மின்விசிறி வராத காலம் அது. துரைமார்களின் அறைகளில் கூரையிலிருந்து தொங்கிய பெரிய துணி விசிறியை, வெளியே அமர்ந்து கயிற்றால் ஓயாமல் இழுத்துக் கொண்டிருப்பதற்கென்றே ஆட்கள் இருந்தனர். கல்கத்தாவின் வெயிலும் புழுக்கமும்தான் நம் நாட்டின் முதற் காப்புரிமைக்குக் காரணமாயின என்று சொன்னால் தவறாகாது.

அந்தச் சட்டத்தின் கதை வேடிக்கையானது. இங்கிலாந்து அரசியின் ஒப்புதல் பெறாமல் இயற்றப்பட்டது என்ற காரணத்தால் அடுத்த ஆண்டே அது நீக்கப்பட்டது. பின்னர் 1859 இல் திருத்தங்களுடன் மறுபடியும் இயற்றப்பட்டது. 1911 இல் வந்த காப்புரிமை, வடிவமைப்புச் சட்டமே விடுதலைக்குப் பின்னரும் பல்லாண்டுகள் நடைமுறையில் இருந்தது.

இனி, இயற்பியல் பயில்வோர் மறக்கலாகாத ஒரு வரலாற்றுக்கு வருவோம்.

கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஜகதீச சந்திர போஸ், 1895 இல் அந்நகரின் மக்கள் முன்னிலையில் ஒரு சோதனை நிகழ்த்திக் காட்டினார். அவருடைய கருவியிலிருந்து புறப்பட்ட மின்காந்த அலைகள் சுவர்களை ஊடுருவிச் சென்று, தொலைவில் இருந்த மணியை ஒலிக்கச் செய்தன, வெடிமருந்தைப் பற்றவைத்தன. சில மில்லிமீட்டர் அலைநீளமே உள்ள அலைகளை அவர் உண்டாக்கி ஆராய்ந்தார். வசதிகள் குறைந்த கல்லூரி ஒன்றில், உள்ளூர்த் தொழிலாளி ஒருவரைப் பழக்கி வைத்துக் கொண்டு இவற்றையெல்லாம் செய்தார் என்பதை எண்ணும்போது, ஆய்வுக்கூடத்தில் கருவி இல்லை என்று குறை கூறும் என் போன்றோர்க்குச் சற்று வெட்கமாகவே இருக்கிறது.

மார்க்கோனி 1896 ஜூன் 2 ஆம் நாள் இலண்டனில் தம்பியில்லாத் தந்தி முறைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். போசோ 1897 சனவரி 29 இல் இலண்டன் இராயல் இன்ஸ்டிடியூஷனில் சொற்பொழிவாற்றித் தம் கருவிகளின் அமைப்பை ஒளிவு மறைவின்றி விளக்கினார். பணம் தரக்கூடிய கருவியை இவர் இப்படிப் பகிரங்கமாக்கி விட்டாரே என்று அங்கிருந்த தொழில்துறை இதழ் ஒன்று வியப்புத் தெரிவித்தது.

1901 மே மாதம் போஸ் மீண்டும் அதே மன்றத்தில் பேசினார். பேசுவதற்குச் சற்று முன்னர் நடந்த நிகழ்ச்சி ஒன்றைத் தம் நண்பர் இரவீந்திரநாத தாகூருக்குக் கடிதமாக எழுதியிருக்கிறார். பெயர் பெற்ற தந்திக் கம்பெனி ஒன்றின் முதலாளி, பெருங்கோடீசுவரர், காப்புரிமை விண்ணப்பத் தாளைக் கையிலேயே எடுத்துக் கொண்டு அவரைத் தேடி வந்தார். இன்றைய பேச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டாம், உரிமையை நான் பதிவு செய்து தருகிறேன், முதல் போடுகிறேன், ஆதாயத்தில் பாதி எனக்கு என்று மன்றாடினார். போஸ் மறுத்துவிட்டார். பணத்தின் மீது அந்நாட்டார்க்கு இருந்த வேட்கை அவருக்கு அருவருப்பைத் தந்தது. அந்த வலையில் ஒரு முறை கால் வைத்தால் மீள முடியாது என்ற அச்சமும் அவருக்கு இருந்தது.

ஆனால் அவருடைய நண்பர்கள் விடவில்லை. நார்வே நாட்டு வயலின் கலைஞர் ஓல் புல்லின் மனைவியாக இருந்து கைம்பெண்ணான சாரா புல் என்ற அமெரிக்க அம்மையாரும், சகோதரி நிவேதிதையும் போசின் உழைப்பு வீணாகக் கூடாது என்று கவலைப்பட்டனர். அவர்களுடைய முயற்சியால் 1901 செப்டம்பர் 30 ஆம் நாள் அமெரிக்காவில் விண்ணப்பம் அளிக்கப்பட்டது. 1904 மார்ச்சு 29 இல் காப்புரிமை கிடைத்தது. அதன் எண் 7,55,840. மின் அலைகளை உணர்ந்து காட்டும் கருவி என்பது அதன் பொருள். உரிமையில் பாதி சாரா புல் அம்மையார் பெயரில் எழுதப்பட்டிருந்தது.

அக்கருவியின் உள்ளே இருந்தது கலீனா, அதாவது ஈய சல்ஃபைடு படிகம். படிகத்தின் மீது மெல்லிய உலோக முனை ஒன்று தொட்டுக் கொண்டிருக்கும். ஒரு சாதாரணக் கம்பியில் மின் அழுத்தத்தை இரு மடங்காக்கினால் மின்னோட்டமும் இரு மடங்காகும். இது ஓம் விதி. இந்தத் தொடுமுனையிலோ அவ்விதி பொருந்தாது. ஒரு திசையில் மின்னோட்டம் எளிதில் செல்லும். எதிர்த் திசையில் தடைப்படும். ஆகவே முன்னும் பின்னும் மிக விரைவாக அலையும் மின்னலையின் ஒரு பக்கம் மட்டும் வெட்டுண்டு, கால்வனோமீட்டரால் உணரத்தக்க ஓட்டமாக மாறுகிறது. மின் அலைக்கு மட்டுமின்றி ஒளிக்கும் அது உணர்வு காட்டியது. எனவே செயற்கை விழித்திரை என்று போஸ் அதற்குப் பெயர் சூட்டினார். குறைகடத்திப் பொருளைக் கொண்ட கருவிக்கு உலகில் வழங்கப்பட்ட முதற் காப்புரிமை இதுவே என்று கருதப்படுகிறது. அமெரிக்கரான பிக்கார்டு சிலிக்கன் படிகத்திற்கு உரிமை பெற்றது 1906 நவம்பரில்தான். 1920 ஆம் ஆண்டுகளில் பல நாடுகளின் இல்லங்களில் ஒலித்த படிக வானொலிப் பெட்டிகளுள் கலீனாப் படிகமும் மெல்லிய கம்பியுமே இருந்தன.

இந்த உரிமையைக் கொண்டு போஸ் பொருள் ஈட்ட முயலவில்லை. 1917 நவம்பர் 30 இல் கல்கத்தாவில் தம் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்து வைத்தபோது, அங்கே காணப்படும் உண்மைகள் பொதுச் சொத்தாகும், அவற்றிற்குக் காப்புரிமை எடுக்கப்பட மாட்டாது என்று அறிவித்தார்.

அவர் செய்தது சரியா? வகுப்பில் மாணவர்கள் இக்கேள்வியை ஒவ்வோர் ஆண்டும் கேட்கின்றனர். அவருடைய துறவு மனப்பான்மையை நான் வணங்குகிறேன். ஆயினும் முழுவதும் ஒப்புக்கொள்ள இயலவில்லை. 1901 டிசம்பரில் மார்க்கோனி அட்லாண்டிக் கடலைத் தாண்டிய செய்தியைப் பெறப் பயன்படுத்திய பாதரச உணர்கருவி, போஸ் 1899 இல் வெளியிட்ட கருவியின் வழிவந்ததே என்று புரோபிர் பந்த்யோபாத்யாய் என்ற ஆய்வாளர் 1998 இல் எழுதிக் காட்டினார். நூறாண்டு கழித்து இன்னொருவர் வாதாடிப் பெற்றுத் தர வேண்டியதாயிற்று அந்தப் பெருமை. காப்புரிமை ஏடு பணத்திற்கு மட்டும் உரியதன்று. யார், எந்நாளில், எதைச் செய்தார் என்பதற்கு அது சான்றும் ஆகும். மேலும் போஸ் சம்பளம் பெறும் பேராசிரியர். கடன் வாங்கிக் கருவி செய்யும் ஒரு பட்டறைக்காரரிடம் அதே துறவை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

மறுபக்கமும் உண்டு. 1957 இல் நியமிக்கப்பட்ட நீதிபதி என். இராஜகோபால ஐயங்கார், முன்பு சென்னை உயர் நீதிமன்றத்தில் பணியாற்றியவர், இந்தியக் காப்புரிமைகளை ஆராய்ந்து 1959 இல் அறிக்கை தந்தார். பெரும்பாலான உரிமைகள் வெளிநாட்டாரிடம் இருந்தன. அவற்றுள் மிகப் பல இந்நாட்டில் பயன்படுத்தப்படவே இல்லை. இறக்குமதிச் சந்தையைக் காக்கும் வேலியாகவே அவை இருந்தன. அவ்வறிக்கையின் அடிப்படையில் எழுந்ததே 1970 ஆம் ஆண்டுச் சட்டம். 1972 ஏப்ரல் 20 இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி மருந்துக்கு உரிமை இல்லை, அதைச் செய்யும் முறைக்கு மட்டுமே உரிமை. வேறு முறையில் அதே மருந்தைச் செய்ய வழி பிறந்ததால் இந்திய மருந்துத் தொழில் தழைத்தது. உலக வணிக அமைப்பில் சேர்ந்த பின்னர் 2005 சனவரி 1 முதல் மருந்துக்கும் உரிமை வழங்கப்படுகிறது. எல்லா உரிமைகளுக்கும் இன்று காலம் 20 ஆண்டுகள், விண்ணப்பித்த நாளிலிருந்து.

சரி, நம் மாணவர் என்ன செய்திருக்க வேண்டும்?

கருவி புதியதாக இருக்க வேண்டும். துறை அறிந்தவர்க்கு எளிதில் தோன்றாததாக இருக்க வேண்டும். தொழிலில் பயன்பட வேண்டும். இயற்கை விதி ஒன்றைக் கண்டதற்கு உரிமை கிடையாது. ஓமுக்குத் தம் விதிக்காக எதுவும் கிடைத்திராது! முதலில் பழைய காப்புரிமை ஏடுகளைத் தேடிப் பார்க்க வேண்டும். இன்று அவற்றைக் கணிப்பொறியில் செலவின்றிக் காணலாம். கருவி முழுமை பெறாவிட்டாலும், கருத்தை விளக்கித் தற்காலிக விவரக்குறிப்பு ஒன்றை அளித்துவிடலாம். அந்த நாளே முன்னுரிமை நாள். அதிலிருந்து 12 மாதங்களுக்குள் முழு விவரக்குறிப்பை அளிக்க வேண்டும்; தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும்.

முழு விவரக்குறிப்பின் இறுதியில் வரும் உரிமைக் கோரிக்கைகள்தாம் உயிர்நாடி. நிலப் பத்திரத்தில் நான்கு எல்லை எழுதுவது போன்றது இது. அகல எழுதினால் பிறருடைய பழைய கருவி உள்ளே அகப்பட்டு உரிமை மறுக்கப்படும். குறுக்கி எழுதினால் பிறர் ஒரு திருகாணியை மாற்றித் தப்பித்துக் கொள்வர்.

தமிழ்நாட்டார்க்கு உரிய அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது; இணைய வழியாகவும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் 18 மாதங்களுக்குப் பின் அலுவலக இதழில் வெளியாகும். ஆனால் அது தானாகப் பரிசீலிக்கப்படுவதில்லை. பரிசீலனை கோரித் தனியே மனுவும் கட்டணமும் செலுத்த வேண்டும். இதை அறியாமல் காத்திருந்து இழந்தவர்கள் உண்டு. பரிசீலகர் எழுப்பும் தடைகளுக்கு விடை தந்து, பிறருடைய எதிர்ப்பு இருந்தால் அதையும் கடந்தால் உரிமை கிடைக்கும். மூன்றாம் ஆண்டு முதல் புதுப்பிப்புக் கட்டணமும் உண்டு. இவ்வுரிமை இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும்.

கண்காட்சியைப் பற்றி ஒரு சொல். மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சியில் வைத்தாலோ, கற்றோர் கழகத்தில் கட்டுரையாகப் படித்தாலோ, 12 மாதங்களுக்குள் விண்ணப்பித்தால் சட்டம் மன்னிக்கும். எங்கள் கண்காட்சி அவ்வாறு அறிவிக்கப்பட்டதன்று, மாதமும் கடந்திருந்தது.

அந்த மாணவர் சோர்ந்துவிடவில்லை. அதே ஊசியில், நெல்லின் வெப்பநிலைக்கு ஏற்ப அளவைத் திருத்திக் காட்டும் வேறோர் ஏற்பாட்டை அண்மையில் சேர்த்திருக்கிறார். சென்ற மாதம் தற்காலிக விவரக்குறிப்பின் நகலைக் கொண்டு வந்து காட்டினார். விண்ணப்ப எண் கிடைத்துவிட்டது. "இனிமேல் கண்காட்சிக்கு அனுப்பலாமா, சார்?" என்று கேட்டார். எழுதிக் கொடுத்திருப்பதை மட்டும் காட்டு, அதற்கு மேல் ஒன்றும் சொல்லாதே என்றேன். பிறகு ஆய்வுக்கூட நாட்காட்டியில், பன்னிரண்டாம் மாதத்திற்கு ஒரு மாதம் முன்னதாக, சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டு வைத்தோம்.