தோட்டமும் தோட்டாவும்

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத் தோட்டங்களில் துப்பாக்கி யார் கையில் இருக்கலாம் என்ற கேள்வி, அங்கே ரப்பர் கன்று நடுவதற்கு முன்பே எழுந்துவிட்டது. 1870-களில் அங்குள்ள சுங்கை ஊஜோங்கின் வெள்ளீயத்துக்காகவும் லிங்கி ஆற்றில் வசூலாகும் வரிக்காகவும் அப்பகுதியின் தலைவர்களான டத்தோ கெலானாவும் டத்தோ பண்டாரும் மோதிக்கொண்டார்கள். துப்பாக்கியும் வெடிமருந்தும் பெரும்பாலும் நீரிணைத் துறைமுகங்களின் வணிகர்களிடமிருந்து வந்தன. துறைமுகம் யார் கையில் இருக்கிறதோ, அவர் விரும்பும் பக்கத்துக்கே சரக்கு போய்ச் சேரும். 1874 ஏப்ரலில் டத்தோ கெலானா ஆளுநர் ஆண்ட்ரூ கிளார்க்குடன் உடன்படிக்கை செய்து பிரிட்டிஷ் பாதுகாப்பைப் பெற்றார். பண்டார் அதற்கு இணங்கவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் பிரிட்டிஷ் படை அவரைத் துரத்தியது. அடுத்த ஆண்டு டிசம்பர் 20-ஆம் தேதி, சிரம்பானுக்கும் கோலப்பிலாவுக்கும் இடையிலுள்ள புக்கிட் புத்துஸ் கணவாயில் கூர்க்காப் படையின் கேப்டன் சேனர் எதிரியின் மரக்கோட்டைக்குள் முதல் ஆளாகக் குதித்து விக்டோரியா சிலுவை வாங்கினார். அந்தக் கணவாய் வழியே இன்று பேருந்து போகிறது. அந்தச் சண்டைகளுக்குப் பிறகு, இந்த மண்ணில் துப்பாக்கி வைத்திருப்பதற்கு மேலிடத்தின் எழுத்து வேண்டும் என்பது நடைமுறையானது.

ரப்பர் வந்தது. போர்ட்டிக்சன், ரந்தாவ், சிலியாவ், லாபு, பாகாவ் என்று காடு வெட்டி வரிசையாகப் பால்மரம் நட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து கங்காணி வழியாகவும் பிறகு தாமாகவும் ஆட்கள் வந்தார்கள். துரை பங்களாவில் இரட்டைக்குழல் துப்பாக்கி இருக்கும். புலிக்கும் பன்றிக்கும் என்பது பேச்சு. தொலைவான தோட்டத்தில் தனியாக இருக்கும் வெள்ளைக்காரருக்கு அது ஒரு தைரியமும்கூட. தொழிலாளர் குடியிருப்பான லயத்து மக்களிடம் இருந்தவை பால் வெட்டும் கத்தியும் பாராங்கு என்ற வெட்டரிவாளும்தான். போருக்கு முந்திய உரிம முறையில் சட்டம் எல்லாருக்கும் ஒன்றுபோலத் தோன்றினாலும், உரிமம் கேட்டுப் போகக்கூடியவர் யார் என்பது பங்களாவுக்கும் லயத்துக்கும் இடையிலான தூரத்திலேயே முடிவாகிவிட்டது.

இந்த ஒழுங்கு 1942 ஜனவரியில் உடைந்தது. ஜனவரி 14-ஆம் தேதி கெமாஸுக்கு அருகே கெமெஞ்சே பாலத்தில் ஆஸ்திரேலியப் படை ஜப்பானியரை மறைந்திருந்து தாக்கியது. சில நாட்களில் நெகிரி செம்பிலான் முழுவதும் ஜப்பானியர் கையில். பின்வாங்கிய படை விட்டுச்சென்ற துப்பாக்கிகளில் பல காட்டுக்குள் போயின. மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படையின் இரண்டாம் பிரிவு இந்த மாநிலத்தில்தான் இயங்கியது. போரின் கடைசிக் கட்டத்தில் நேச நாட்டு விமானங்கள் பாராசூட்டில் மேலும் ஆயுதங்களை இறக்கின.

தோட்டத் தமிழர் கையில் துப்பாக்கி வந்ததும் அந்தக் காலத்தில்தான். இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்களில் பால்வெட்டுத் தொழிலாளர்கள் ஏராளம். நேற்றுவரை வாளி தூக்கியவர் இன்று தோளில் துப்பாக்கி சுமந்து அணிவகுத்தார். 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடையப் போகும் செய்தி வந்தபோது அதன் தலைவர் சுபாஷ் சந்திர போஸ் சிரம்பானில் இருந்தார். செப்டம்பர் 9-ஆம் தேதி மோரிப், போர்ட்டிக்சன் கரைகளில் பிரிட்டிஷ் இந்தியப் படைகள் இறங்கின. தேசிய ராணுவத்தார் ஆயுதங்களை ஒப்படைத்துவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்பினார்கள். அணிவகுப்பின் மிடுக்கை மட்டும் யாரும் திருப்பி வாங்க முடியவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் தோட்டத் தொழிற்சங்கங்கள் எழுந்த விதத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

காட்டுப் படையிடமிருந்து ஆயுதத்தை விலை கொடுத்து வாங்கவும் அரசு முயன்றது. 1945 டிசம்பர் 1-ஆம் தேதி எதிர்ப்புப் படை கலைக்கப்பட்டபோது, துப்பாக்கியை ஒப்படைத்த ஒவ்வொருவருக்கும் 350 டாலர் தரப்பட்டது. நேச நாட்டார் கொடுத்ததைவிட அதிகமான ஆயுதங்களே திரும்பி வந்தன. கணக்கு நேராகிவிட்டதாகத் தோன்றியது. ஆனால் கணக்கில் ஏறாத துப்பாக்கிகள் எண்ணெய் தடவி, காட்டில் புதைந்து கிடந்தன. மலேசியாவின் பிற்காலத் துப்பாக்கிச் சட்டங்களில் தெரியும் கடுமையைப் புரிந்துகொள்ள, அந்தப் புதையலை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1948 ஜூன் 16-ஆம் தேதி பேராக்கின் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் அவசரகாலம் நாடு முழுவதற்கும் விரிந்தது. அவசரகால விதிகளின்படி, அனுமதியின்றித் துப்பாக்கி ஏந்தினாலோ தோட்டா வைத்திருந்தாலோ தண்டனை மரணம். சுட வேண்டியதில்லை, யாரையும் மிரட்ட வேண்டியதில்லை; கையில் இருந்தால் போதும்.

அதே அரசு மறுபக்கம் துப்பாக்கியை வாரி வழங்கியது. நிர்வாகிகளுக்கு ரிவால்வரும் ஸ்டென் துப்பாக்கியும் கிடைத்தன. தோட்டக் காவலுக்கென்று சிறப்புக் காவலர் படை திரட்டப்பட்டது. உச்சக்கட்டத்தில் அதில் சுமார் 40,000 பேர். பெரும்பாலோர் மலாய்க் கிராமத்து இளைஞர்கள். தோட்டத்து மக்கள் அவர்களை ‘எஸ்.சி.’ என்றே அழைத்தார்கள். கடைகளில் விற்க வேண்டிய சரக்கை அரசு தானே பங்கிட்டதால், மலாயாவின் சட்டபூர்வ ஆயுதப் புழக்கம் முழுக்க ஒரு பேரேட்டுக்குள் வந்தது: இன்ன எண்ணுள்ள துப்பாக்கி, இன்னார் பெயரில், இத்தனை தோட்டா. ஊர்க்காவல் படையிலும் பல இடங்களில் முறைக்காவலுக்குப் போகும்போது துப்பாக்கியை வாங்கிக்கொண்டு, முடிந்ததும் திருப்பி வைப்பதுதான் வழக்கம். தொலைந்த துப்பாக்கி காட்டுக்குப் போய்ச் சேரும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

இந்தக் கணக்கு முறை லயத்து வாசலிலும் நின்றது. சிதறிக் கிடந்த லயங்களை ஓரிடத்தில் சேர்த்துச் சுற்றிலும் முள்கம்பி போட்டார்கள். பொழுது விடியுமுன் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்பு முடிந்து பால்வெட்டுக்குப் போகிறவர்கள் வாயிலில் வரிசையாக நிற்பார்கள். வாளி, கத்திக்கூடு, இடுப்புத் துணி எல்லாம் சோதனைக்கு உள்ளாகும். 1951-க்குப் பிறகு சோற்றுக்கும் இதே கெடுபிடி. காட்டிலிருப்பவர்களுக்குப் போய்விடும் என்று ஒரு பிடி அரிசியைக்கூட வெளியே கொண்டுபோக விடவில்லை. ஒரே வாயிலில் அரிசியும் தோட்டாவும் எண்ணப்பட்டன. பசியோடு மரவரிசைக்குப் போன பெண்களுக்கு இரண்டில் எது பெரிய குற்றம் என்று பிரித்துப் பார்க்கத் தோன்றியிருக்காது.

அவசரகால விதியின் முழுக் கனமும் தமிழர் மேல் இறங்கிய வழக்குகளில் இரண்டு மறக்க முடியாதவை. தஞ்சை மாவட்டத்தில் பிறந்த எஸ். ஏ. கணபதி, அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர். 1949 மார்ச்சில் ரவாங் அருகே வாட்டர்ஃபால் தோட்டத்தில் ஒரு கைத்துப்பாக்கியோடும் ஆறு தோட்டாக்களோடும் பிடிபட்டார். போலீசிடம் ஒப்படைக்கவே எடுத்துப் போனதாக அவர் சொன்னதை நீதிமன்றம் ஏற்கவில்லை. இந்திய அரசு வேண்டுகோள் விடுத்தும் பலனில்லை. மே 4-ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்தைய நாள் அவருடைய சங்கத் தோழர் வீரசேனன் நெகிரி செம்பிலானில் ராணுவத்தாரால் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். இரண்டு செய்திகளும் அடுத்தடுத்து வந்து தோட்டங்களை வாயடைக்க வைத்தன.

இன்னொன்று சாம்பசிவம் வழக்கு. பக்கத்து மாநிலமான ஜொகூரில் 1948 செப்டம்பரில் நடந்த ஒரு கைகலப்புக்குப் பிறகு, துப்பாக்கி ஏந்தியதாகவும் பத்துத் தோட்டா வைத்திருந்ததாகவும் இரண்டு குற்றச்சாட்டுகள் அவர்மேல். தோட்டாக் குற்றத்தில் விடுதலை கிடைத்தது. துப்பாக்கிக் குற்றத்துக்கு மறுவிசாரணை. மறுவிசாரணையில் காட்டப்பட்ட வாக்குமூலத்தில் துப்பாக்கியும் தோட்டாவும் சேர்ந்தே வந்தன. தோட்டாவைப் பொறுத்தவரை அவர் குற்றமற்றவர் என்று ஏற்கெனவே தீர்ப்பாகிவிட்டதை அங்கிருந்த நீதி உதவியாளர்களுக்கு யாரும் சொல்லவில்லை. மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1950-இல் லண்டன் பிரிவி கவுன்சில் அதை ரத்து செய்தது. ஒருமுறை விடுதலையான குற்றத்தை வேறு வழியாக மீண்டும் ஒருவர்மேல் சுமத்தக் கூடாது என்பதற்குக் காமன்வெல்த் நாடுகளின் நீதிமன்றங்கள் இன்றும் இந்த வழக்கை எடுத்துக்காட்டுகின்றன. அவசரகாலம் முழுவதிலும் தூக்கிலிடப்பட்டவர்கள் 226 பேர். அந்தப் பட்டியலில் சாம்பசிவம் சேராமல் போனது தோட்டாக் குற்றத்தில் கிடைத்த விடுதலையால்தான்.

1960 ஜூலை 31-ஆம் தேதி அவசரகாலம் முடிந்தது. அதே ஆண்டில் வந்த ஆயுதச் சட்டம்தான், 206-ஆம் சட்டம் என்ற எண்ணோடு, இன்றுவரை நாட்டின் அடிப்படைத் துப்பாக்கிச் சட்டம். அவசரகாலப் பேரேட்டின் மனப்பாங்கு அதில் அப்படியே இறங்கியிருக்கிறது. உரிமத்தைக் கொடுப்பதும் மறுப்பதும் மாநிலத்தின் தலைமைப் போலீஸ் அதிகாரியின் பொறுப்பு. நெகிரி செம்பிலானுக்கு அந்த அதிகாரியின் அலுவலகம் சிரம்பானில். துப்பாக்கி வைத்திருக்க, விற்க, பழுதுபார்க்க, இறக்குமதி செய்ய, ஏற்றுமதி செய்ய எல்லாவற்றுக்கும் அனுமதி தனித்தனி. உரிமம் ஆளுக்கு உரியது, வீட்டுக்கு உரியதல்ல. அப்பா வைத்திருந்த துப்பாக்கி மகனுக்கு வீடு, நிலம்போல வந்து சேராது. அவர் கண்மூடியதும் அது காவல் நிலையத்துக்குப் போக வேண்டும். அனுமதியின்றித் துப்பாக்கி செய்தவருக்கு மரண தண்டனை வரை இடம் வைத்தது இந்தச் சட்டம். 1958-ஆம் ஆண்டின் அபாய ஆயுதச் சட்டம் பொது இடத்தில் கத்தி, பாராங்கு எடுத்துச் செல்வதையும் கேள்விக்கு உள்ளாக்கியதால், பால் வெட்டும் கத்தியோடு சாலையைக் கடப்பவருக்கும் தொழில் என்ற காரணம் கையில் இருக்க வேண்டியதாயிற்று.

1971-இல் துப்பாக்கிக் குற்றங்களுக்குத் தண்டனையை உயர்த்தும் தனிச் சட்டம் வந்தது. உரிமமில்லாமல் வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது ஆறு பிரம்படி. இரண்டுக்கு மேற்பட்ட துப்பாக்கிகளோடு பிடிபட்டால் அவர் வியாபாரி என்றே சட்டம் ஊகிக்கும். இல்லை என்று காட்டுவது அவர் பாடு. கோலாலம்பூரைக் கலக்கிய கொள்ளையன் பொத்தாக் சின் துப்பாக்கிக் குற்றத்துக்காக 1981-இல் தூக்கிலிடப்பட்டார். 2023 ஜூலையில் கட்டாய மரண தண்டனை ஒழிக்கப்பட்டபோது, உயிர்ச்சேதம் இல்லாத துப்பாக்கிக் கடத்தல் போன்ற குற்றங்களுக்கு அதற்குப் பதில் 30 முதல் 40 ஆண்டுச் சிறை என்றானது.

நாட்டுக்குள் இவ்வளவு இறுக்கம் இருந்தும், துப்பாக்கி அல்லாத தளவாடச் சரக்கு எல்லையைத் தாண்டிப் போவதற்கு நெடுநாள் பெரும்பாலும் சுங்கச் சட்டமே காவல். அந்த ஓட்டை 2003-இல் தெரிந்தது: லிபியாவின் அணுத் திட்டத்துக்கான பாகங்களோடு போன கப்பல் வழியில் மடக்கப்பட்டது, பாகங்கள் மலேசியாவில் செய்யப்பட்டவை. அடுத்த ஆண்டு ஐநா பாதுகாப்பு மன்றம் 1540-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றி, இப்படிப்பட்ட ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த எல்லா நாடுகளையும் கட்டாயப்படுத்தியது. மலேசியா 2010-இல் உத்திமுறை வாணிபச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ராணுவத் தளவாடமும், ராணுவத்துக்கும் தொழிற்சாலைக்கும் பொதுவாகப் பயன்படும் பொருளும் அனைத்துலக வாணிப அமைச்சின் அனுமதிக்குள் வந்தன. ஆயுத வாணிப ஒப்பந்தத்தில் 2013 செப்டம்பரில் மலேசியா கையெழுத்திட்டது. உள்நாட்டில் அதை ஏற்று உறுதிப்படுத்துவது பிறகு பல ஆண்டுகள் இழுத்துக்கொண்டே போனது.

தோட்டங்களில் ரப்பர் இருந்த இடத்தில் இப்போது பெரும்பாலும் செம்பனை. லயத்து மக்கள் பெரும்பாலும் சிரம்பான், நீலாய் போன்ற நகரங்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். துப்பாக்கிக்கு மிஞ்சிய வேலை, இளங்கன்றின் குருத்தைத் தின்னும் காட்டுப்பன்றியைச் சுடுவது. அதற்கும் துப்பாக்கி உரிமம் ஒன்று, வனவிலங்குத் துறையின் வேட்டை உரிமம் வேறொன்று. வாங்கும் தோட்டாவுக்கு அளவு உண்டு. வேட்டைக்காரர் தோட்டத்துக்குள் இறங்கித் திரும்பி ஏறும்போது, பன்றி கிடைத்ததா என்று கேட்பவருக்குப் பதில் சொல்லலாம், சொல்லாமலும் போகலாம். செலவான தோட்டாவுக்கு மட்டும் அவரிடம் கணக்கு இருந்தாக வேண்டும்.