வாந்திபேதியும் உப்புச் சர்க்கரை நீரும்

திம்பம் மலைப்பாதை ஏறிச் சாமராஜநகரில் குடியேறிய தமிழர்க்கு, அவ்வூர்க் கன்னடத்தில் பொருள் கேளாமலே விளங்கும் சொல் ஒன்றுண்டு; அதுவே ‘வாந்தி பேதி’. இரு மொழியாரையும் ஒருங்கே அச்சுறுத்திய நோயன்றோ! பேதி கண்டவர்க்குத் தண்ணீர் ஆகாது என்று நாம் நெடுங்காலம் நம்பியிருந்தோம். உயிரைக் குடிப்பதோ, பெரும்பாலும், உடலின் நீரும் உப்பும் வற்றிப்போவதுதான்.

1971இல் மேற்கு வங்க எல்லையிலுள்ள பன்காவ் அகதிகளிடையே காலரா பரவிற்று. நரம்புவழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோகவே, மருத்துவர் திலீப் மகலனபிஸ் லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா கலந்து, உறவினர் கையாலேயே நோயாளிகட்குப் புகட்டச் செய்தார். நோயுற்ற குடலும் சர்க்கரையோடு சேர்ந்த உப்பை ஈர்த்துக்கொள்ளும். நீர் அதனைப் பின்தொடரும். நூற்றுக்கு முப்பதளவில் இருந்த சாவு, அவர் முகாமில் நான்கிற்கும் கீழே இறங்கிற்று.

அக்கலவையின் வழிவந்ததே இன்று நாம் கடையில் வாங்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம், 2002இல் உலக சுகாதார நிறுவனம் அதில் உப்பையும் சர்க்கரையையும் குறைத்தது. பொட்டலத்தில் குறித்த அளவு தூயநீரில் முழுவதையும் கரைத்து, சிறிது சிறிதாகப் புகட்டுக. தாய்ப்பாலை நிறுத்தற்க. மலத்தில் இரத்தம் கண்டாலும், சிறுநீர் நின்று கண் குழிந்தாலும், மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.