அடுப்புப் புகையும் குழந்தை நலமும்

விறகு, வறட்டி, கரி முதலியவற்றை வீட்டுக்குள் எரிப்பதால் எழும் மாசு அடுப்புப் புகை. வீட்டுக் காற்று மாசின் முதன்மை வகை.

கூறுகள்: 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவுமான நுண்துகள்கள், கார்பன் மோனாக்சைடு.

பாதிப்பு: வேகமாக மூச்சுவிடுவதாலும், நுரையீரல் முதிராமையாலும், சமைக்கும் தாயின் இடுப்பிலோ அடுப்பருகிலோ இருப்பதாலும் குழந்தைகள் மிகுந்த புகையை உள்வாங்குகின்றனர். நிமோனியா அபாயம் ஏறத்தாழ இருமடங்காகிறது. கருவுற்ற தாய் சுவாசிக்கும் புகை பிறப்பு எடைக் குறைவுடன் தொடர்புடையது. உலகச் சுகாதார நிறுவன மதிப்பீட்டின்படி, 2020இல் ஐந்து வயதுக்குட்பட்ட 2,37,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் வீட்டுக் காற்று மாசால் இறந்தனர்.

தடுப்பு: இந்தியாவில் புகையில்லா அடுப்புத் திட்டம் 1980களிலும், சமையல் எரிவாயு இணைப்பு வழங்கும் உஜ்வலா திட்டம் 2016 மே 1 அன்றும் தொடங்கின. இணைப்பு பெற்றும் விறகை விடாத வீடுகளில் பாதிப்பு நீடிக்கிறது.