செப்புத் தகட்டில் நிலைத்த முகங்கள்

1769ஆம் ஆண்டில் ஜேம்ஸ் கிரேஞ்சர் என்னும் ஆங்கிலப் பாதிரியார் தம் நாட்டுப் பெருமக்களின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட பழைய உருவப்படங்களை அடிப்படையாகக் கொண்டு எழுந்தது அந்நூல்; ஆயினும் அதனுள் படம் ஒன்றுகூட இல்லை. அது வெளிவந்த பின்னர், உருவப்படங்கள் அமைந்த பழைய நூல்கள் சிதைவின்றிக் கிடைப்பது அரிதாயிற்று. படங்களைப் போற்ற எழுந்த நூலொன்று பல நூல்களின் சிதைவுக்குக் காரணமான இவ்வரலாறு, நூல்களை நேசிப்போர் அறிய வேண்டிய ஒன்றாகும்.

உளியும் தகடும்

ஒளிப்படக்கலை தோன்றாத காலத்தில் ஒருவரின் முகத்தை ஊரார் பலரும் காண வழிசெய்தது செப்புத் தகடே. மெருகிட்ட தகட்டில் கூரிய சிற்றுளியால் கோடுகளைக் கீறுவர். கோடுகளின் பள்ளங்களில் மையை நிரப்பி மேற்பரப்பைத் துடைப்பர். அதன்மேல் ஈரத்தாளை விரித்து உருளைகளுக்கிடையே அழுத்தினால் பள்ளத்து மை தாளில் ஏறும். தகட்டில் உள்ளது தாளில் இடம் வலமாக மாறி விழுமாதலின், செதுக்குபவர் அனைத்தையும் தலைகீழாக எண்ணிச் செதுக்க வேண்டும். செம்பு மென்மையானது. படிகள் பெருகப் பெருகக் கோடுகள் தேயும். மீண்டும் உளி கொண்டு ஆழப்படுத்துவர். ஆதலால் ஒரே தகட்டிலிருந்து எடுத்த முதற்படியும் பிற்படியும் ஒரே முகத்தைக் காட்டுவதில்லை. சேகரிப்போர் முற்பட்ட படியைத் தேடி அலைந்ததற்கு இதுவே காரணம்.

இங்கிலாந்தில் இக்கலையை வளர்த்தவர்களுள் நெதர்லாந்திலிருந்து வந்த டெ பாஸ் குடும்பத்தினர் முதன்மையானவர்கள். அமெரிக்கப் பழங்குடித் தலைவரின் மகளான போகஹொண்டாஸ் இலண்டனுக்கு வந்தபோது, 1616இல் அவரது உருவத்தைச் செதுக்கியவர் சைமன் டெ பாஸ். 1618இல் ஆங்கில மன்னர்களின் உருவங்களைக் கொண்ட 'பசிலியோலோகியா'வும், 1620இல் ஆங்கிலச் சான்றோரின் உருவங்களைக் கொண்ட 'ஹெரொவோலோகியா'வும் வெளிவந்தன. அரண்மனைச் சுவர்களில் மட்டும் தொங்கிய முகங்கள் நூலின் ஏடுகளுக்கு இறங்கி வந்தன.

புலவர் இருவர், செதுக்குநர் மூவர்

புலவர்களின் முகங்கள் பெரும்பாலும் அவரவர் நூலின் முகப்பிலேயே இடம்பெற்றன. ஷேக்ஸ்பியர் மறைந்து ஏழு ஆண்டுகளுக்குப் பின், 1623இல், அவருடைய நாடகங்களின் முதற் பெருந்தொகுப்பு வெளிவந்தது. அதன் முகப்பில் உள்ள உருவம் மார்ட்டின் ட்ரூஷட் செதுக்கியது. தலைக்கும் உடலுக்கும் பொருத்தம் போதாத அப்படத்தைக் குறைகூறாத திறனாய்வாளர் அரியர். அதே தகடு 1685இல் வந்த நான்காம் பதிப்பு வரை பயன்பட்டது. படத்திற்கு எதிர்ப்பக்கத்தில் கவிஞர் பென் ஜான்சன் எழுதிய சிறு பாடல் ஒன்று உண்டு. செதுக்குநர் முகத்தைப் பிடித்துவிட்டார், அறிவைப் பிடிக்க அவரால் இயலவில்லை. ஆதலின் படத்தை விட்டு நூலை நோக்குக என்பது அதன் கருத்து.

மில்டனின் அனுபவம் இன்னும் சுவையானது. 1645ஆம் ஆண்டுத் தேதியுடன் வெளிவந்த அவருடைய கவிதைத் தொகுதிக்கு வில்லியம் மார்ஷல் ஓர் உருவப்படம் செதுக்கினார். அகவை இருபத்தொன்று எனப் படத்தில் பொறித்திருந்தும், அதில் தோன்றுபவர் நடுவயதைக் கடந்தவர். மில்டன் வாய்திறந்து கடிந்தாரில்லை. படத்தின் அடியில் பொறிக்கக் கிரேக்க மொழியில் சில அடிகள் எழுதிக் கொடுத்தார். இது என் முகமன்று. திறமற்ற ஓவியனின் இப்போலியைக் கண்டு நண்பர்களே நகையுங்கள் என்பது அவற்றின் பொருள். கிரேக்கம் அறியாத மார்ஷல் தம்மை இகழும் அவ்வடிகளைத் தம் உளியாலேயே பொறித்துத் தந்தார்.

1670இல் வில்லியம் ஃபெய்தோர்ன் மில்டனை நேரிற் கண்டு வரைந்து செதுக்கிய உருவம், புலவர் எழுதிய பிரித்தானிய வரலாற்றின் முகப்பில் அமைந்தது. முதுமையும் துன்பமும் உறுதியும் ஒருங்கே தோன்றும் முகம் அது. ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே மில்டன் பார்வையை முற்றும் இழந்துவிட்டார். நகைப்புக்குரிய படத்தைக் கண்ட கண்கள் நல்ல படத்தைக் காணக் கொடுத்துவைக்கவில்லை.

தலை மாறிய குதிரைவீரர்

தகட்டுப் படம் எப்போதும் மெய்யையே உரைக்கும் என்று கொள்வதற்கில்லை. மன்னர் முதலாம் சார்லஸ் குதிரைமேல் வரும் கோலத்தை 1633இல் வான் டைக் வண்ணத்தில் தீட்டினார். 1649இல் மன்னரின் தலை வெட்டப்பட்டது. அவ்வோவியத்தைத் தழுவிப் பியர் லொம்பார் என்னும் பிரெஞ்சுக்காரர் ஒரு தகடு செதுக்கினார். அதன் படிகளுள் ஒன்றில் குதிரைமேல் இருப்பவர் கிராம்வெல், ஒன்றில் முகமே இல்லை, வேறொன்றில் சார்லஸ். குதிரையும் உடலும் மாறவில்லை. ஆட்சிக்கேற்பத் தலை மட்டும் மாறியது. இத்தகைய படிகளை வரிசையாகச் சேர்த்து வைத்தவர்கள் இல்லையெனில் இச்சூழ்ச்சி வெளிப்பட்டிராது. சேகரிப்போர் வரலாற்றுக்குச் செய்த தொண்டு இதுவாகும்.

பன்னிரண்டு வகுப்புகள்

இம்முகங்களைத் திரட்டும் ஆர்வம் பதினேழாம் நூற்றாண்டிலேயே அரும்பியது. செதுக்குக்கலை பற்றி 1662இல் நூல் எழுதிய ஜான் ஈவ்லின், தம் நண்பர் சாமுவேல் பீப்ஸுக்கு 1689இல் எழுதிய நெடுங்கடிதத்தில் சான்றோர் உருவப்படங்களைச் சேர்க்கத் தூண்டினார். நாட்குறிப்பால் புகழ்பெற்ற பீப்ஸ் திரட்டிய படங்கள், கேம்பிரிட்ஜ் மாடலின் கல்லூரியில் அவர் பெயர் தாங்கிய நூலகத்தில் உள்ளன.

இம்முயற்சிக்கு ஒழுங்குமுறை வகுத்தவர் கிரேஞ்சர். ஆக்ஸ்ஃபோர்டுசயரில் ஷிப்லேக் என்னும் சிற்றூரின் பாதிரியார் அவர். பதினான்காயிரத்துக்கு மேற்பட்ட படங்களைத் திரட்டினார். எக்பர்ட் மன்னர் முதல் 1688ஆம் ஆண்டுப் புரட்சி வரை வாழ்ந்தோரை ஆட்சிக்காலம்தோறும் பன்னிரண்டு வகுப்புகளாகப் பிரித்துத் தம் நூலில் அடுக்கினார். முதல் வகுப்பு மன்னர் குடும்பம். அதனை அடுத்து அமைச்சர், பிரபுக்கள், ஆயர்கள் எனப் படிகள் இறங்குகின்றன. புலவர்களுக்குக் கிடைத்தது ஒன்பதாம் வகுப்பு. அதுவும் மருத்துவர்களோடு பகிர்ந்துகொண்ட இடம். படைத்தலைவர்களுக்கும் பின்னால் மில்டன் நிற்கிறார். பன்னிரண்டாம் வகுப்பு, ஏதோ ஒரு செய்தியால் மட்டும் பெயர் பெற்ற எளியோர்க்கு உரியது. ஆக்ஸ்ஃபோர்டு அருகே மதுக்கடை நடத்திய, 'பேன் கிழவி' என்று பொருள்படும் பட்டப்பெயர் கொண்ட மூதாட்டியின் உருவத்தை டேவிட் லோகன் செதுக்கியிருந்தார். கடைசி வகுப்பாயினும் அவளுக்கும் வரலாற்றில் ஓர் இடம் கிடைத்தது. படிநிலை போற்றிய அக்காலத்தில் இது சிறு செய்தியன்று.

கத்தரிக்கோலின் காலம்

கிரேஞ்சரின் நூல் வருமுன் ஆங்கில உருவப்படம் ஒன்றுக்கு ஐந்து ஷில்லிங் தருவதே தாராளம் எனக் கருதப்பட்டது. நூல் வந்தபின், உருவப்படமுள்ள புத்தகங்களின் விலை ஐந்து மடங்காக உயர்ந்தது. அவருடைய நூலைப் பிரித்து, உரிய இடங்களில் படங்களைச் செருகிப் பெருந்தொகுதிகளாகக் கட்டமைத்துக்கொள்ளும் வேட்கை செல்வரிடையே பரவியது. படங்கள் எங்கிருந்து வரும்? பழைய நூல்களின் முகப்பிலிருந்தே கத்தரிக்கப்பட்டன. இச்செயலைக் குறிக்கப் பின்னாளில் கிரேஞ்சரின் பெயரே ஆங்கிலத்தில் வினைச்சொல்லாயிற்று. கற்றவர் ஒருவரின் உழைப்புக்கு இதைவிடக் கொடிய கைம்மாறு வாய்த்ததில்லை. அவரோ 1776இல் வழிபாட்டை நடத்திக்கொண்டிருந்தபோதே நோயுற்று வீழ்ந்து மறைந்தார். 1778இல் அவர் திரட்டியவை ஏலத்தில் சிதறின.

இதன் மறுபக்கத்தையும் கூறுதல் நேர்மை. அலெக்சாண்டர் சதர்லாந்து என்பவர் 1795இல் கிளாரெண்டன், பர்னெட் ஆகியோரின் வரலாற்று நூல்களுக்குப் படங்கள் சேர்க்கத் தொடங்கினார். அவர் மறைந்தபின் மனைவி சார்லட் அப்பணியைத் தொடர்ந்தார். பத்தொன்பதாயிரம் அளவிலான படங்கள் சேர்ந்தன. அத்தொகுப்பை அவர் 1837இல் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்துக்கு வழங்கினார். தனித்தாளாக விற்கப்பட்டுக் கைமாறி அழிந்திருக்கக்கூடிய எத்தனையோ முகங்களை இத்தகையோரே காத்தனர். இழந்ததும் காத்ததும் ஒரே கைகளின் செயல் என்பதே இவ்வரலாற்றின் சிக்கல்.

இன்று எஞ்சியுள்ள ஷேக்ஸ்பியரின் முதற்றொகுப்புப் படிகள் பலவற்றில் உருவப்படம் அமைந்த மூல ஏடு இல்லை. தேய்ந்து உதிர்ந்தவையும் உண்டு, பிரித்தெடுக்கப்பட்டவையும் உண்டு. படத்தை விட்டு நூலை நோக்குக என்று பென் ஜான்சன் வேண்டினார். முகத்தைத் தேடியோர் படத்தை வைத்துக்கொண்டு நூலை விட்டனர். ஆயினும் ஒன்பதாம் வகுப்பில் நிறுத்தப்பட்ட புலவர்கள், தகடு தேய்ந்த பின்னும் தம் சொல்லால் படிக்கப்பட்டு வருகின்றனர். முதல் வகுப்பினருள் எத்தனை பேருக்கு அப்பேறு வாய்த்தது?