மாத்திரை என்னும் அளவு: கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழ் இளையோரும் மருந்தும்

தமிழாசிரியர்க்கு 'மாத்திரை' என்னும் சொல் இலக்கண வகுப்பின் சொல். கண்ணிமைக்கும் பொழுதையும் கைந்நொடிக்கும் பொழுதையும் தொல்காப்பியர் ஒலியின் கால அளவாகக் கொண்டார். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. அளவு என்று பொருள்படும் வடசொல்லின் வழிவந்த இச்சொல்லே மருத்துவர் தரும் வில்லைக்கும் பெயராயிற்று. உருண்டை வடிவத்தை நோக்கிக் 'குளிகை' என்ற பெயரும் வழங்கியதுண்டு. எனினும் மக்கள் நாவில் நிலைத்தது அளவைச் சுட்டும் பெயரே. மருந்தின் இயல்பு அதன் அளவில் இருக்கிறது என்னும் அறிவு இப்பெயருக்குள் அடங்கியிருக்கிறது.

திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகளைக் கூறி முடிகிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து அதனை அளிப்பவர். முதல் மூன்றையும் மருத்துவ வரலாறுகள் விரிவாகப் பேசும். நான்காமவரைப் பெரும்பாலும் விட்டுவிடும். கிள்ளான் பள்ளத்தாக்கில் நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ் இளையோர் மருந்தை எவ்வாறு பெற்றனர், எவ்வாறு உட்கொண்டனர் என்று ஆராயுமிடத்து, அந்த நான்காமவரே வரலாற்றின் திறவுகோலாக அமைகிறார். மருந்தைக் கையில் கொடுத்து, அதன் அளவையும் வேளையையும் கேட்பவரின் மொழியில் விளக்கும் ஒருவர் இருந்தாரா என்பதே இவ்வுரையின் வினா.

இளையோர் என்பவர் யார்?

பாட்டியல் நூல்கள் பெண்ணின் வாழ்வைப் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவங்களாகப் பகுத்தன. பரவலாக வழங்கும் கணக்கின்படி மடந்தைப் பருவம் 14 முதல் 19 வயது வரையிலானது. அரிவைப் பருவம் 20 முதல் 25 வரையிலானது. உலகச் சுகாதார நிறுவனம் 10 முதல் 19 வயது வரை வளரிளம் பருவம் என்றும், 10 முதல் 24 வரை இளையோர் என்றும் வகுத்துள்ளது. பழந்தமிழ்ப் பகுப்பும் இக்காலப் பகுப்பும் ஒரே உண்மையைக் காட்டுகின்றன. குழந்தைக்கும் முதிர்ந்தவர்க்கும் இடையே தனித்த தேவைகளையுடைய பருவம் ஒன்று உண்டு.

மலாயாத் தோட்டங்களில் இப்பருவத்துக்கு இடமில்லை. கங்காணிகளால் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்டோருள் பெரும்பாலோர் இளவயதினரே. கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. பதினான்கைக் கடந்த பிள்ளைக்குப் பெரட்டுக்களமே பள்ளி. விடியுமுன் பெயர் கூப்பிடும் அக்களத்தில் அவன் ஒரு முழு ஆள். நோய் வந்தாலும் முழு ஆளாகவே கருதப்பட்டான்.

கிள்ளான், 1901

மால்கம் வாட்சன் என்னும் இளம் மருத்துவர் 1901ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிள்ளானுக்கு மாவட்ட அறுவை மருத்துவராக வந்தார். கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டறிந்து அப்பொழுது நான்கு ஆண்டுகள்கூட நிறைந்திருக்கவில்லை. அதே 1901 செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்று அதனைக் கிள்ளான் துறைமுகம் என்கிறோம். சதுப்பு நிலத்தில் எழுந்த அத்துறைமுகத்தில் காய்ச்சல் அத்துணைக் கடுமையாகப் பரவியதால், அதனை மூடிவிடலாமா என்று அரசு எண்ணும் நிலை வந்தது.

வாட்சனின் பரிந்துரைப்படி காடு வெட்டப்பட்டது, சதுப்பு வடிக்கப்பட்டது, பள்ளங்கள் மேடாக்கப்பட்டன. கிள்ளானிலும் துறைமுகத்திலும் 1901இல் இறந்தோர் 582 பேர்; அவர்களுள் காய்ச்சலால் மாண்டோர் 368. அடுத்த ஆண்டில் மொத்த இறப்பு 144 ஆகவும், காய்ச்சல் இறப்பு 59 ஆகவும் குறைந்தன. வாட்சன் தம் பட்டறிவைத் தொகுத்து 1911இல் நூலாக வெளியிட்டார்.

இவ்வெற்றியில் மொழியியலார் கவனிக்க வேண்டிய கூறு ஒன்று உண்டு. வடிகால் வெட்டுவதற்கு எவருடைய உடன்பாடும் தேவைப்படவில்லை. நிழல் படர்ந்த சதுப்பில் முட்டையிடும் கொசு, சதுப்பு மறைந்ததும் தானும் மறைந்தது. வரப்போகும் மாற்றத்தை எவர்க்கும் எம்மொழியிலும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மலைச்சரிவுத் தோட்டங்களில் நிலை வேறு. அங்கே நோய் பரப்பிய கொசு வெயில் படும் தெளிந்த ஓடைகளில் முட்டையிடுவது. காட்டை வெட்டினால் ஓடைகள் வெயிலுக்குத் திறந்து, கொசு பெருகியது. நிலத்தடிக் குழாய்களும் எண்ணெய் தெளிப்பும் அங்கே தேவைப்பட்டன. அவை எல்லாத் தோட்டங்களுக்கும் எட்டும்வரை மருந்தை நம்பியே வாழ வேண்டியிருந்தது.

கொயினாவின் கசப்பு

சிங்கோனா மரப்பட்டையிலிருந்து 1820இல் பிரான்சில் பிரித்தெடுக்கப்பட்ட மருந்து தமிழர் வாயில் 'கொயினா' ஆயிற்று. பிறமொழிச் சொல்லொன்று இவ்வளவு இயல்பாகத் தமிழ் ஓசை பெறுவது, அப்பொருள் மக்கள் வாழ்வில் ஆழப் புகுந்ததற்குச் சான்று. பெரட்டுக்களத்தில் தொழிலாளரை வரிசையில் நிறுத்திக் கொயினா கொடுக்கும் வழக்கம் தோட்டங்களில் ஏற்பட்டது. வரிசையில் நின்றவர் கண்ணெதிரே விழுங்கினால்தான் கொடுத்தது உள்ளே சென்றது என்று உறுதி கொள்ள முடியும்.

கொயினா கடுங்கசப்பானது, காதிரைச்சல், தலைச்சுற்றல், குமட்டல் ஆகியவற்றையும் உண்டாக்கும். காய்ச்சல் தணிந்த பிறகும் சில நாள் தொடர்ந்து உண்ண வேண்டும். இல்லையேல் உடலில் எஞ்சிய கிருமி மீண்டும் தலைதூக்கும். தமிழில் இந்நோய்க்கு 'முறைக்காய்ச்சல்' என்னும் பழம்பெயர் உண்டு. முறைவைத்து வருவது, போவது, திரும்ப வருவது என்னும் போக்கை அப்பெயரே சொல்கிறது. ஆனால் நடுக்கம் நின்று உடல் தேறிவிட்ட பதினெட்டு வயது இளைஞன், நலமாயிருக்கையில் எதற்காகக் கசப்பை விழுங்க வேண்டும் என்று கேட்டால், அதற்கு விடை கூற ஒருவர் வேண்டும். வடிகாலுக்குத் தேவைப்படாத சொல், மருந்துக்கு இன்றியமையாததாயிற்று. அவ்விடையைக் கூற வேண்டியவர் டிரெசர்.

டிரெசர் என்னும் நான்காமவர்

தோட்டத்துக்கு மருத்துவர் அவ்வப்போது வந்து போவார். ஒரே மருத்துவர் பல தோட்டங்களைப் பார்ப்பதும் உண்டு. நாள்தோறும் தோட்ட மருத்துவமனையில் இருந்தவர் மருத்துவ உதவியாளராகிய டிரெசரே. யாழ்ப்பாணத் தமிழரும் மலையாளிகளும் தமிழகத்தாரும் இப்பணியில் மிகுதியாக இருந்தனர். மருத்துவரின் ஆங்கிலக் குறிப்பைப் படித்து, லயத்து மக்களின் தமிழில் அதனைச் சொல்வது அவர் கடமை. மக்கள் அவரை 'டிரெசரையா' என்றழைத்தனர். அந்த 'ஐயா'வில் மதிப்பும் இருந்தது, அச்சமும் இருந்தது.

அவரை முழுமையாகப் போற்றிவிடவும் இயலாது. அவர் தோட்ட நிருவாகத்திடம் ஊதியம் பெற்றவர். ஒருவன் உண்மையிலேயே நோயுற்றானா, வேலைக்கு வர மனமில்லாமல் படுத்தானா என்று தீர்ப்பளிப்பவரும் அவரே. ஆகவே அவரிடம் உடல்நிலையைச் சொல்வது கூலியோடு தொடர்புடைய செயலாயிற்று. இளையோர் வாய்திறக்கத் தயங்கினர். மலேசிய அரசு 1965இல் தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டத்தை இயற்றி இப்பணிக்குச் சட்ட வரையறை தந்தது. இத்தனை குறைகளோடும், மருந்துக்கும் மொழிக்கும் இடையில் நின்றவர் அவர் ஒருவரே.

அந்த இணைப்பு அற்றுப்போனால் என்ன நேரும் என்பதைப் போர்க்காலம் காட்டியது. உலகின் கொயினாவில் மிகப்பெரும் பகுதியை விளைவித்த ஜாவா 1942இல் சப்பானியர் வசமானது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம்-பர்மா இரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். உழைக்கும் வயதினரே தெரிந்தெடுக்கப்பட்டனர். மலேரியாவும் வாந்திபேதியும் அவர்களைக் கொண்டன. அங்கே மருந்தும் இல்லை; உடனிருந்து அளிப்பவரும் இல்லை.

போருக்குப் பின் புதிய மலேரியா மருந்துகள் வந்தன. மேற்கு மலேசியாவில் 1967இல் மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. மனிதரிடையே பரவும் மலேரியா வகைகளில் 2018 முதல் உள்நாட்டுத் தொற்று பதிவாகவில்லை. குரங்குகளிடமிருந்து பரவும் வகை ஒன்று மட்டும் இன்னும் எஞ்சியிருக்கிறது.

தோட்டத்திலிருந்து நகருக்கு

பள்ளத்தாக்கின் தோட்டங்கள் ஒவ்வொன்றாக நகரங்களாயின. சீபீல்டு தோட்டத்தின் நிலத்தில் 1970களில் சுபாங் ஜெயா எழுந்தது. லயங்கள் அடுக்குமாடிகளாயின. தோட்ட மருத்துவமனையோடு டிரெசரும் மறைந்தார். கோலாலம்பூர் மருத்துவமனை, கிள்ளானின் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை, தெருவுக்கொரு கிளினிக், பிரிக்பீல்ட்ஸ் கடைவரிசையின் மருந்தகங்கள் என இன்றைய இளையோர்க்கு வாய்ப்புகள் மிகுதி. பெரட்டுக்களத்து வரிசையோடு ஒப்பிட்டால் இது பெரும் முன்னேற்றம், ஐயமில்லை.

அரசும் இப்பருவத்தைத் தனித்து நோக்கத் தொடங்கியது. சுகாதார அமைச்சு 2001இல் தேசிய வளரிளம் பருவத்தினர் நலக் கொள்கையை வகுத்தது. மருந்துகளை ஆளும் சட்டத்தின் பெயரே நச்சுப்பொருள் சட்டம், 1952. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் பழமொழியைச் சட்டமும் ஏற்றுக்கொண்டது போலும். அதன் பட்டியலில் உள்ளவற்றை 18 வயதுக்குட்பட்டோர்க்கு, அவர்தம் சிகிச்சைக்காக அன்றி விற்கலாகாது.

எனினும் சட்டம் மருந்தகத்தின் வாயிலோடு நின்றுவிடும். மாத்திரை உறை வீட்டுக்கு வந்தபின் அதனைப் படிப்பவர் யார்? 2019ஆம் ஆண்டுத் தேசிய நல ஆய்வின்படி, நாட்டின் வயதுவந்தோருள் 35.1 விழுக்காட்டினர் நலம்சார் செய்திகளைப் புரிந்து பயன்படுத்துவதில் குறைந்த திறனுடையவர்கள். அதே ஆய்வில் நீரிழிவு கண்டோர் நாட்டளவில் 18.3 விழுக்காடு, இந்தியரிடையே 31.4 விழுக்காடு. நம் பிள்ளைகளுள் பலர் மாத்திரைப் பெட்டி நாள்தோறும் திறக்கப்படும் வீட்டில் வளர்கிறார்கள் என்பது இதன் பொருள். பாட்டியின் மருந்துறையைப் படித்துச் சொல்லும் பணி, மலாயும் ஆங்கிலமும் கற்ற பேரனிடமோ பேத்தியிடமோ வந்து சேர்கிறது. டிரெசர் விட்டுச்சென்ற இடத்தில் இன்று பதினைந்து வயதுப் பிள்ளை நிற்கிறது. அதற்கு அப்பிள்ளையை நாம் பயிற்றியிருக்கிறோமா?

சொல் தரும் தெளிவு

இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். உறையில் 'தீகா காலி செஹாரி' என்றிருப்பதை வீட்டில் 'மூன்று வேளை' என்கிறோம். மலாய்த் தொடர் நாளுக்கு மூன்று முறை என்கிறது. தமிழில் 'வேளை' பொழுதைக் குறிப்பதோடு உணவோடும் பிணைந்த சொல். காலையுணவை உண்ணாமல் பள்ளிக்கு ஓடும் மாணவன் ஒரு வேளை மருந்தையும் விட்டுவிடுகிறான். தவறு செய்ததாக அவனுக்குத் தோன்றுவதுமில்லை. சில மருந்துகளை எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை உண்ண வேண்டும்; அங்கே 'வேளை' போதாது, மணிக்கணக்கையே சொல்லியாக வேண்டும்.

மற்றொன்று கலைச்சொல் பற்றியது. கிருமியை அழிக்கும் மருந்தை 'நுண்ணுயிர் எதிர்ப்பி' என்கிறோம். உடல் நோயைத் தடுக்கும் வலிமையை 'நோய் எதிர்ப்பாற்றல்' என்கிறோம். கிருமி மருந்துக்கு அடங்காமல் போவதையும் 'மருந்து எதிர்ப்பாற்றல்' என்கிறோம். மருந்து, உடல், கிருமி ஆகிய மூன்றும் 'எதிர்ப்பு' என்னும் ஒரே சொல்லால் சுட்டப்படுகையில், எதிர்ப்பாற்றல் வளர்வது நன்மையே என்று மாணவர் கொள்வது இயற்கை. முதலாவதை 'நுண்ணுயிர்க்கொல்லி' என்றும், இரண்டாவதை 'நோய்த்தடுப்பாற்றல்' என்றும், மூன்றாவதை 'மருந்துக்கு அடங்காமை' என்றும் பிரித்து வழங்கினால் குழப்பம் தீரும். மருத்துவர் குறித்த நாள்வரை ஏன் உண்ண வேண்டும், மீந்த மாத்திரையைத் தோழனுக்கு ஏன் கொடுக்கலாகாது என்பவற்றை விளக்க அதன்பின் சொல் கிடைக்கும். கொயினா வரிசையில் நின்ற இளைஞன் கேட்டிருக்கக்கூடிய வினாவும் இதுவே.

ஆசிரியப் பெருமக்களிடம் வைக்கும் வேண்டுகோள் எளிது. மாத்திரை பற்றிய இலக்கணப் பாடம் நடக்கும் நாளில், ஒரு மருந்துறையையும் வகுப்புக்குக் கொண்டு செல்லுங்கள். அதில் உள்ள பெயர், அளவு, முறை, காலாவதி நாள் ஆகியவற்றை மாணவர் நல்ல தமிழில் எழுதட்டும். எழுதியதை வீட்டில் முதியோர்க்கு வாய்விட்டுச் சொல்லட்டும். ஐயம் எழுந்தால் தாமாக முடிவு செய்யாமல் மருந்தாளரைக் கேட்கக் கற்கட்டும். தமிழ்ப்பள்ளியில் ஒரு பாடவேளை இதற்குப் போதும்.